சான்று கேட்ட ஹகீம்கள்
யூனானி மருத்துவத்தின் பரிசோதனை மரபு பற்றிச் சில குறிப்புகள்

என் உம்மாவின் தம்பிக்குப் பதினைந்து வருசமாகச் சீனி வருத்தம். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கொடுக்கும் குளிசைகளை ஒழுங்காகப் போட்டு வந்த மனிசன். இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, தெருவோரத்தில் தற்காலிகமாகக் கடை விரித்திருந்த ஒருவரிடம் ஒரு போத்தல் தூள் வாங்கினார். போத்தலின் மேலே தலைப்பாகை கட்டிய ஹகீம் ஒருவரின் படம். 'பக்கவிளைவு அற்றது' என்று கீழே அச்சிட்டிருந்தது. குளிசையை நிறுத்திவிட்டு இதை மட்டும் குடிக்கச் சொல்லியிருக்கிறார் விற்றவர். நான்கு மாதம் மாமா அப்படியே செய்தார். வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்த பிறகுதான் எங்களுக்கு விசயம் தெரிந்தது.

வார்டில் போய்ப் பார்த்தபோது மாமா சொன்னார்: "நம்மட ஆக்கள்ற மருந்துதானே மகன். இப்னு சீனா காலத்து மருந்தெண்டு சொன்னாங்க. அது என்ன செய்யப் போகுதெண்டு நினைச்சன்."

அன்று என்னிடம் பதில் இல்லை. நான் வைத்தியனல்லன், தமிழ் படித்த ஆசிரியன். ஆனால் அந்த வசனம் மனதில் தங்கிவிட்டது. ஒரு மருந்தை எப்போது நம்பலாம் என்று இப்னு சீனா உண்மையில் என்னதான் சொல்லியிருக்கிறார்? அவரது பெயரை வைத்து விற்கப்படும் தூளை அவரே கண்டால் என்ன கேட்டிருப்பார்? இந்தக் கேள்விகளோடு வாசித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

ராஸியின் இரண்டு குழுக்கள்

இப்னு சீனாவுக்கு முன்னர் அபூபக்கர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸியைப் பேச வேண்டும். இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரய் நகரில் கி.பி. 865 அளவில் பிறந்தவர். ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறு பிரித்துக் காட்டிய அவரது நூல் புகழ்பெற்றது. அவர் காலத்தில் மருத்துவத்தின் மறுக்க முடியாத அதிகாரம் கிரேக்கரான ஜாலினூஸ், அதாவது கேலன். அந்த ஜாலினூஸ் மீதான ஐயங்களைத் தொகுத்து ராஸி ஒரு தனி நூலே எழுதினார். ஆசானை மதித்துக்கொண்டே அவரது கூற்றைச் சோதித்துப் பார்க்கும் துணிவு அது.

ராஸியின் குறிப்பேடுகள் அவர் மறைந்த பின்னர் 'அல்-ஹாவி' என்ற பெருந்தொகுப்பாயின. அதில் ஸிர்ஸாம் பற்றிய பகுதியில் ஒரு சிறு குறிப்பு உண்டு. ஸிர்ஸாம் என்பது இன்று நாம் மூளையுறை அழற்சி என்று சொல்லும் நோயை ஒத்தது. தலையிலும் கழுத்திலும் நோவு, வெளிச்சம் பார்க்கக் கூச்சம் முதலிய முன்னறிகுறிகள் உள்ளவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் குத்தி எடுத்ததாகவும், மற்றொரு சாராருக்கு அவ்வாறு செய்யாமல் வேண்டுமென்றே விட்டதாகவும் எழுதுகிறார். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருவதே தன் நோக்கம் என்பதையும் மறைக்கவில்லை. விடப்பட்டவர்களுக்கு ஸிர்ஸாம் வந்தது என்பது அவர் கண்ட முடிவு.

இந்த முடிவை இன்று எந்த வைத்தியரும் ஏற்கமாட்டார். மூளையுறை அழற்சிக்கு இரத்தம் குத்துவது மருந்தல்ல. எத்தனை பேர் என்ற கணக்கும் அந்தக் குறிப்பில் இல்லை. யாரை எந்தக் குழுவில் சேர்த்தார் என்பதும் தெரியாது. மெலிந்தவர்களை இரத்தம் எடுக்காமல் விட்டிருந்தால் அவர்களுக்கு நோய் முற்றியதில் வியப்பில்லை. இருந்தாலும் அந்தக் கேள்வி சரியான கேள்வி. 'நான் மருந்து கொடுத்தேன், சுகமானது' என்பது அவருக்குப் போதவில்லை. 'கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?' என்றும் அவர் கேட்டார்.

தடிமனும் வயிற்றோட்டமும் பெரும்பாலும் தானாகவே மாறுபவை. மூட்டுவலி கூடும், குறையும். கூடிய நாளில்தான் நாம் மருந்து தேடுகிறோம், பிறகு குறைவது அதன் இயல்பு. மருந்து குடித்தோம் என்ற நம்பிக்கையே ஓரளவு சுகம் தரும். இந்த மூன்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் மருந்தின் பங்கு என்னவென்று தெரியும். 1747இல் ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட் 12 கப்பலோட்டிகளை இவ்விரண்டு பேராகப் பிரித்து, தோடம்பழமும் எலுமிச்சையும் பெற்ற இருவரே ஸ்கர்வி நோயிலிருந்து விரைவில் தேறியதைக் கண்டார். 1948இல் காசநோய்க்கான ஸ்ரெப்ரோமைசின் ஆய்வு பிரித்தானியாவில் வெளியானபோது, யார் எந்தக் குழு என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுப் போடுவதைப்போலத் தீர்மானிக்கும் முறை நிலைபெற்றது. ராஸியின் குறிப்பில் இல்லாத துண்டு அதுதான். அது வந்து சேர ஆயிரம் வருடம் எடுத்தது.

இப்னு சீனாவின் ஏழு நிபந்தனைகள்

இப்னு சீனா (980–1037) எழுதிய 'அல்-கானூன் ஃபித் திப்' ஐந்து பாகங்கள் கொண்டது. இரண்டாம் பாகம் தனி மருந்துகளைப் பற்றியது. மருந்துப் பட்டியலுக்குப் போகுமுன், ஒரு மருந்தின் குணத்தை அறியும் வழி எது என்று அவர் விளக்குகிறார். இரண்டு வழிகள்: ஒன்று தஜ்ரிபா, அதாவது சோதித்தறிதல். மற்றது கியாஸ், அதாவது ஒப்புநோக்கி ஊகித்தல். கியாஸ் என்ற சொல்லை ஃபிக்ஹில் கேட்டுப் பழகியவர்கள் நாம். அதே சொல் மருத்துவத்திலும் வருகிறது.

சோதித்தறிவதற்கு ஏழு நிபந்தனைகளை அவர் வைக்கிறார். அவற்றை என் வசனத்தில் தருகிறேன்.

முதலாவது, மருந்தில் வெளியிலிருந்து வந்த தன்மை கலந்திருக்கக் கூடாது. தண்ணீர் குளிர்ச்சியானது, ஆனால் சுடவைத்தால் சூட்டைத் தரும். அதை வைத்துத் தண்ணீரின் குணம் சூடு என்று சொல்லக் கூடாது. இரண்டாவது, பல நோய் கலந்தவரிடமல்ல, ஒரே நோய் உள்ளவரிடம் சோதிக்க வேண்டும். மூன்றாவது, ஒன்றுக்கொன்று எதிரான நோய்களில் சோதிக்க வேண்டும். மருந்து தன் குணத்தால் வேலை செய்ததா, தற்செயலாகவா என்பது அப்போதே பிரியும். நான்காவது, மருந்தின் வலு நோயின் வலுவுக்குப் பொருந்த வேண்டும். சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஐந்தாவது, பலன் எப்போது தெரிந்தது என்ற நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஆறாவது, பலன் எப்போதும், அல்லது மிகப் பெரும்பாலான வேளைகளில், ஒரே மாதிரி வர வேண்டும். ஒருமுறை நடந்ததைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஏழாவது, மனித உடலில் சோதிக்க வேண்டும். சிங்கத்துக்கோ குதிரைக்கோ கொடுத்துப் பார்த்து மனிதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இவற்றை இன்றைய ஆய்வுமுறைக்குச் சமம் என்று நான் சொல்லவரவில்லை. ஒப்பீட்டுக் குழு பற்றி இந்தப் பட்டியலில் பேச்சில்லை. சூடு, குளிர்ச்சி என்ற அடிப்படையையே இன்றைய விஞ்ஞானம் கைவிட்டுவிட்டது. 'எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று எழுதுவது நம் பத்திரிகைகளில் ஒரு பழக்கமாகவே இருக்கிறது. அது முன்னோருக்கும் மரியாதையல்ல, வரலாற்றுக்கும் மரியாதையல்ல. ஆனால் ஆறாவதையும் ஏழாவதையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். 'எங்கட ஊர்ல ஒராளுக்குச் சுகமாச்சு' என்பதையும், 'எலியில செய்து பார்த்திருக்காங்க' என்பதையும் சான்றாகக் கொண்டுவரும் இன்றைய விளம்பரங்கள், அவர் வைத்த பரீட்சையிலேயே தேறமாட்டா.

டில்லியில் சோதிக்கப்பட்ட ஒரு வேர்

இந்த மரபு நூல்களோடு நின்றுவிடவில்லை. ஹகீம் அஜ்மல் கான் (1868–1927) டில்லியின் பெயர்பெற்ற யூனானி வைத்தியக் குடும்பத்தில் வந்தவர்; இந்தியத் தேசிய காங்கிரஸின் தலைவராகவும் இருந்தவர். ஆயுர்வேதத்தையும் யூனானியையும் சேர்த்துக் கற்பிக்க அவர் உருவாக்கிய திப்பியாக் கல்லூரியை 1921இல் காந்தி திறந்து வைத்தார். பழைய மருந்துகளை இரசாயனக்கூடத்தில் ஆராய வேண்டும் என்பது ஹகீமின் விருப்பம். அதற்காக அவர் தேர்ந்தெடுத்தவர் ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில் இரசாயனம் படித்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளைஞர். ஹகீம் 1927 டிசம்பரில் மௌத்தானார். அடுத்த ஆண்டு சித்தீக்கி அந்தக் கல்லூரியில் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார்.

அவர் எடுத்துக்கொண்டது சர்ப்பகந்தா வேர். யூனானியில் அஸ்ரோல், நம் நாட்டுச் சிங்களத்தில் ஏகவேரிய. சித்தப் பிரமைக்கும் நித்திரையின்மைக்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுத்து வந்த வேர் அது. 1931இல் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்த சித்தீக்கி, தன் புரவலரின் நினைவாக அதற்கு 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். அதன் வேலை இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் என்பது பிறகு தெரிந்தது. புருகாடா என்ற பரம்பரை இதயக் கோளாறு இருக்கிறதா என்று கண்டறிய, இன்றும் இதய நிபுணர்கள் அந்தப் பொருளை நரம்பில் ஏற்றிச் சோதிக்கிறார்கள். ஒரு ஹகீமின் பெயர் இவ்வாறுதான் நவீன வைத்தியத்தில் நிலைத்தது.

அதே வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல் 50 நோயாளிகளிடம் ஆராய்ந்து, 1949இல் பிரித்தானிய இதய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். 1952இல் சுவிற்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அது உலகம் முழுதும் பிரசருக்கு மருந்தானது. ஆனால் கூடிய அளவில் எடுத்த சிலரை அது கடும் மனச்சோர்வில் தள்ளியது. மனதை அமைதிப்படுத்தும் என்று நாட்டு வைத்தியர் அறிந்த அதே வலுவின் மறுபக்கம் அது. பின்னர் வேறு மருந்துகள் வர, இன்று அதன் பாவனை அருகிவிட்டது. வேலை செய்யும் மருந்துக்கு விளைவும் இருக்கும், பக்கவிளைவும் இருக்கும். 'பக்கவிளைவே இல்லை' என்று ஒருவர் சொன்னால், அதில் விளைவும் இல்லையோ என்றுதான் யோசிக்க வேண்டும்.

சீனாவிலும் இதே கதை நடந்தது. மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ, நான்காம் நூற்றாண்டின் கெ ஹொங் எழுதிய கைந்நூலில் ஒரு மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியும் முறையைக் கண்டார். காய்ச்சச் சொல்லவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். ஆர்ட்டிமிசினின் பிறந்தது, 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. பழைய நூல் வழியைக் காட்டியது. ஆனால் மருந்தென்று உறுதிப்படுத்தியது பரிசோதனை.

காலம் மறைத்த நஞ்சு

'ஆயிரம் வருசமாகக் குடித்து வருகிறார்கள், தீங்கிருந்தால் தெரிந்திருக்காதா?' என்பது நம்மிடையே பலமான வாதம். அதற்கும் ஒரு வரலாற்றுப் பதில் உண்டு.

அரிஸ்டலோக்கியா என்ற செடியினம் கிரேக்கர் காலம் முதல் பிரசவ மருந்து. பெயரின் பொருளே 'நல்ல பிரசவம்' என்பதுதான். யூனானி நூல்களில் அது ஸராவந்த். நம் பக்கத்து ஈஸ்வரமூலியும், சிங்களத்தில் சப்சந்த எனப்படுவதும் இந்த இனமே. இரண்டாயிரம் வருடம் உலகின் பல மருத்துவ மரபுகள் இதை நம்பின. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான ஒரு சிகிச்சையில், வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனச் செடி தவறுதலாகக் கலந்தது. இளம் பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் வைத்தியர்கள் அதை வெளிப்படுத்தினர். பாதிக்கப்பட்டோர் தொகை நூறைத் தாண்டியது. பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், இந்த இனச் செடிகளை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் முதலாம் வகையில் வைத்திருக்கிறது.

இத்தனை காலம் ஏன் எவரும் காணவில்லை? நஞ்சு உடனே கொல்லாதது காரணம். மருந்து குடித்த பல மாதங்களுக்கு, சிலவேளை பல வருடங்களுக்குப் பிறகு சிறுநீரகம் பழுதாகிறது. அப்போது அந்தக் கசாயத்தை யார் நினைப்பார்? எவ்வளவு கைராசிக்கார வைத்தியரானாலும், தன் கண்முன் நடப்பதை மட்டுமே அவரால் காண முடியும். இப்னு சீனாவின் ஐந்தாம் நிபந்தனை நேரத்தைக் கவனிக்கச் சொன்னது. ஆனால் இவ்வளவு நீண்ட நேரத்தைக் கவனிக்கும் கருவி அவரிடமில்லை. பதிவேடும், எண்ணிக்கையும், நோயாளியை வருடக்கணக்கில் பின்தொடரும் ஏற்பாடும் வேண்டும். அவை நம் காலத்துக்குக் கிடைத்திருக்கின்றன.

பஸ்ப சரக்குகளின் கதையும் இப்படித்தான். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பொஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆசனிக் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தது. யூனானியிலும் உலோகங்களைப் புடமிட்டுச் செய்யும் குஷ்தா உண்டு. பாதரசத்தைத் தன்னிடமிருந்த ஒரு குரங்குக்குக் கொடுத்து என்ன நடக்கிறதென்று ராஸி அன்றே பார்த்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நம் வீட்டு மருந்துகள்

கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி நம் வீட்டில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதை அறிஞர்கள் எப்படி விளங்கினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பதினான்காம் நூற்றாண்டின் இப்னுல் கையிம், அந்த ஹதீஸின் பொதுச்சொல்லைக் குளிர்ச்சியால் வரும் நோய்கள் என்று வரையறுத்தே விளங்கினார். அதாவது, எந்த நோய்க்கு, எவருக்கு, எவ்வளவு என்ற கேள்வி ஈமானுக்கு எதிரானதென்று அவர் எண்ணவில்லை. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைவிப்பவன் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்ற ஃபிக்ஹுச் சட்டத்தையும் அவர் விரிவாகப் பேசுகிறார்.

இன்றைய ஆய்வுகள் சொல்வது என்ன? கருஞ்சீரகம் இரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கில் அது சுமார் 3 மில்லிமீற்றர். பயன் உண்டு, ஆனால் குளிசையின் இடத்தை எடுக்கும் அளவல்ல. தேனைப் பொறுத்தவரை சான்று இன்னும் தெளிவு: ஆழமில்லாத தீக்காயங்கள் தேன் வைத்துக் கட்டும்போது சாதாரணக் கட்டைவிட நான்கைந்து நாள் முந்தி ஆறுகின்றன. அதே தேனை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் நஞ்சு பச்சைக் குழந்தையின் தசைகளை முடக்கிவிடும். பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவும் வழக்கமுள்ள வீடுகள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். தஹ்னீக்கின் மூலம் பேரீச்சம்பழம்தான்.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி உண்டு. சீனி வருத்தத்துக்கு நாட்டு வைத்தியர் கொடுத்துவந்த கொத்தலஹிம்புட்டுவை இலங்கை ஆய்வாளர் 51 நோயாளிகளிடம் சோதித்து 2005இல் வெளியிட்டனர். மூன்று மாதம் மூலிகைத் தேநீர், மூன்று மாதம் அதே தோற்றமுள்ள போலித் தேநீர். எது எதுவென்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் அளவு, போலித் தேநீரில் 6.65, மூலிகையில் 6.29. சிறிய வித்தியாசம்தான், ஆனால் நேர்மையாக அளந்த வித்தியாசம்.

சான்று கேட்கும் சமூகம்

இலங்கை முஸ்லிம்களுக்கு மருத்துவம் வெறும் தொழிலாக இருந்ததில்லை. கண்டி அரசர்களுக்கு வைத்தியம் செய்த கோபால பரம்பரையை நாமறிவோம். அப்பரம்பரையின் வைத்தியர் ஒருவரே 1760இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுக்கு எதிரான சதியை அரசனுக்கு அறிவித்தவர். 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியபோது ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு யூனானியும் இடம்பெற்றது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் யூனானி வைத்தியருக்கும் பதிவை ஏற்படுத்தியது. படித்துப் பதிவுபெற்ற ஹகீம்கள் இன்று அரச வைத்தியசாலைகளில் கடமையாற்றுகிறார்கள். மாமாவுக்குத் தூள் விற்றவரையும் இவர்களையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020இல் கொவிட்டால் மௌத்தானவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. அடக்கினால் நிலத்தடி நீர் மாசுபடும் என்றார்கள். இருபது நாள் பிள்ளையைக்கூட எரித்தார்கள். அன்று நாம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: சான்று எங்கே? அடக்கம் செய்யலாமென்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தது. 2021 மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்படும்வரை அந்தக் கேள்வியை நாம் விடவில்லை. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அதே 2020 டிசம்பரில் கேகாலையில் கொவிட்டுக்கு ஒரு பாணி கொடுக்கிறார்களென்று ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றதும் நினைவிருக்கும். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நம்மில் பலர். ஆனால் நம் தெருவில் போத்தல் வரும்போது நாம் சிரிப்பதில்லை. அதில் ஹகீமின் படம் இருக்கிறது. ஹதீஸொன்றைக் கேட்டால் அறிவிப்பாளர் யார், இஸ்னாத் என்ன என்று கேட்கப் பழக்கப்பட்ட சமூகம் நாம். அடக்கும் உரிமைக்காகச் சான்று கேட்ட அதே நா, மருந்துக் கடையில் ஏன் மௌனமாகிறது?

கேட்க வேண்டியவை அதிகமில்லை. இதில் என்ன சரக்கு இருக்கிறது? கொடுப்பவர் பதிவுபெற்றவரா? மனிதரில், ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்களா? என் குளிசையோடு சேர்ந்தால் என்ன ஆகும்? குளிசையை நிறுத்தச் சொன்னால், அதைத் தந்த டொக்டரிடம் கேட்டுவிட்டேனா? குளிசையை எழுதும் டொக்டரிடமும் இதே போலக் கேட்க நமக்கு உரிமையுண்டு.

மாமா இப்போது கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார். காலையில் ஒரு சிட்டிகைக் கருஞ்சீரகமும் சாப்பிடுகிறார், டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். போன பெருநாளைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புதிதாக ஒரு எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினாராம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாக வாசித்துவிட்டு, "இதுல என்ன சரக்கெண்டு ஒண்டும் எழுதல்லையே தம்பி" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்.